பேசிப் பார்க்க ஒரு பயணம்



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆற்றுக்கும் குளத்துக்கும் மட்டும் சொன்ன வார்த்தையா அது? பெண் கொடுக்கும் வீட்டுக்கும், கடன் வாங்கும் இடத்துக்கும், பிழைக்கப் போகும் ஊருக்கும் சேர்த்துச் சொன்ன வார்த்தை அல்லவா? பிழைக்கப் போகும் ஊரின் ஆழத்தை எதைக் கொண்டு அளப்பது? சம்பளத்தைக் கொண்டு அளப்பவர்கள் உண்டு. சீதோஷ்ணத்தைக் கொண்டு அளப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அந்த ஊர்ப் பேச்சைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பேன். சம்பளம் மாதத்துக்கு ஒரு நாள் வரும்; குளிர் ஆண்டுக்குச் சில மாதங்கள் வரும்; பேச்சோ விடிந்தது முதல் அடையும்வரை வேண்டும்.

இந்த மாதம் இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டுகள் என்னிடமும் என் சக ஆசிரியர்களிடமும் படித்த பெண் ஒருத்தி இன்று தலைநகரில் தாதியாக இருக்கிறாள். அவளுடைய தாயார் இன்னமும் செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் அவள் கணவனும் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குடியேற ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். போகுமுன், சென்ற ஜனவரி மாதம் 14 நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே ஒரு முறை போய் வந்தார்கள். எதற்கு? பிரெஞ்சு மொழி பேசிப் பழகுவதற்கு.

இதைக் கேட்டதும் எங்கள் லயத்தில் எழுந்த பேச்சைச் சொல்லி முடியாது. "எப்படியும் அங்கதானே போய்க் குடியிருக்கப் போறாங்க? அதுக்குள்ள ஊர் சுத்துறதுக்குக் காசு எங்கேருந்து வந்துச்சு?" என்றார்கள் சிலர். "பனி பாக்கப் போயிருக்காங்க, படிக்கவா போனாங்க?" என்றார்கள் வேறு சிலர். இரண்டு விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் அவர்கள் செலவழித்தது பல மாதச் சேமிப்பு. ஆகவே ஊர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் செலவு வீணா, வீணில்லையா என்பதை நாமும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிரெஞ்சு எதற்கு?

கனடா என்றால் ஆங்கிலம் போதும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கியூபெக் மாநிலத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. பரப்பளவில் கனடாவின் மிகப் பெரிய மாநிலமான அதன் அதிகாரமொழி பிரெஞ்சு ஒன்றே. சாலைச் சந்தியில் உள்ள 'நில்' பலகைகூட 'ஆரே' என்று பிரெஞ்சில்தான் இருக்கும்.

இதற்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. 1608ஆம் ஆண்டில் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கியூபெக் நகரத்தை நிறுவினார். 1759இல் அந்த நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1763இல் உடன்படிக்கை எழுதி, பிரான்ஸ் அந்த நாட்டையே விட்டுக்கொடுத்துவிட்டது. அன்று அங்கே இருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் சுமார் 70,000 பேர்தான். தாய்நாடு கைவிட்டது, ஆட்சி வேறு மொழிக்காரர் கையில். அப்படி இருந்தும் அவர்கள் வீட்டிலும் கோயிலிலும் வயலிலும் தங்கள் மொழியையே பேசினார்கள். 260 ஆண்டுகள் கடந்தும் இன்று அங்கே இலட்சக்கணக்கானோருக்குப் பிரெஞ்சுதான் தாய்மொழி. 1978 முதல் அம்மாநிலத்து மோட்டார் வண்டிகளின் எண் பலகையில் "நான் நினைவில் வைத்திருக்கிறேன்" என்ற பொருளுள்ள பிரெஞ்சு வாசகத்தைப் பொறித்து வருகிறார்கள். அந்த மக்களின் மனத்தை அறிய இது ஒன்றே போதும்.

1977இல் பிரெஞ்சு மொழிச் சாசனம் என்ற சட்டம் வந்தது. 2022இல் அது மேலும் இறுக்கப்பட்டது. குடியேறி 6 மாதம் ஆனபின், உடல்நலம், பொதுப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அரசாங்க அலுவலகங்கள் நம்மோடு பிரெஞ்சிலேயே தொடர்பு கொள்ளும். குடியேறுபவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். தாதி, மருத்துவர், பொறியியலாளர் போன்ற தொழில்களுக்கு நிரந்தர உரிமம் பெற வேண்டுமானால், அந்தத் தொழிலுக்கு வேண்டிய அளவு பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, நம் பெண்ணுக்குப் பிரெஞ்சு பொழுதுபோக்கு அல்ல, சோறு.

முதலில் வகுப்பு, பிறகு பயணம்

அவள் எடுத்த எடுப்பில் விமானம் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். கோலாலம்பூரில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையத்தில் ஒன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் வகுப்புக்குப் போனாள். இரவு வேலை முடிந்த நாளிலும் போனாள். பிரெஞ்சு வானொலியில் எளிய நடையில் வாசிக்கும் செய்தியைப் பேருந்தில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

ஐரோப்பிய நாடுகளில் மொழியறிவை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1 என்பது முதல் படி. சி2 என்பது கடைசிப் படி. நான்காம் படியான பி2 வரை ஏற, வகுப்பில் மட்டும் ஐந்நூறு, அறுநூறு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 14 நாள் பயணத்தில், நாளைக்கு 5 மணி நேரம் பேசினாலும் 70 மணி நேரம்தான். ஆகவே ஒன்றும் தெரியாமல் அங்கே போய் இரண்டு வாரத்தில் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வருவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காசில் வீட்டுக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினாலாவது பயன் உண்டு.

அப்படியானால் பயணம் எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அதற்குத்தான். வகுப்பில் ஆசிரியை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். தவறினால் புன்னகையோடு திருத்துவார். கடைக்காரர் அப்படிப் பேசமாட்டார். பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். வகுப்பில் வந்த வார்த்தை அங்கே தொண்டையைத் தாண்டி வராது. அறிவு குறைந்ததால் அல்ல, கூச்சத்தால். அந்தக் கூச்சத்தை ஒரு நாள் செலவழித்துத்தான் தீர்க்க வேண்டும். அதை ரொட்டிக் கடையில் செலவழிப்பதா, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நோயாளியின் கட்டிலருகே செலவழிப்பதா என்பதுதான் கேள்வி.

எந்த ஊருக்குப் போனார்கள்?

அவர்கள் குடியேறப் போவது மாண்ட்ரியல் நகரத்தில். ஆனால் பழகப் போனது அங்கே அல்ல. மாண்ட்ரியலில் ஆங்கிலம் பேசுவோர் ஏராளம். கடைக்குள் நுழைந்தால் "போன்ஜூர்-ஹாய்" என்று இரண்டு மொழியிலும் வரவேற்பது அங்கே வழக்கமாகிவிட்டது. 2017இல் மாநிலச் சட்டமன்றமே, கடைக்காரர்கள் 'போன்ஜூர்' என்று மட்டும் சொல்லட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறினால் போதும், அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அது அவர்களுடைய நல்ல குணம்; பழகப் போனவருக்கு நஷ்டம். அங்கே இலங்கைத் தமிழர்களும் கணிசமாக வாழ்கிறார்கள். தமிழ்க் கடையும் கோயிலும் உண்டு. குடியேறிய பிறகு அவை பெரிய ஆறுதல். பழகப் போகும் 14 நாளில் அந்த ஆறுதலை நாடினால், சாம்பாரும் சாதமும் கிடைக்கும், பிரெஞ்சு கிடைக்காது.

ஆகவே அவர்கள் மாண்ட்ரியலிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியுள்ள கியூபெக் நகரத்துக்கு இரயில் ஏறினார்கள். அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வடஅமெரிக்காவில், மெக்சிகோவுக்கு வடக்கே, கோட்டை மதில் இன்னும் இடியாமல் சூழ்ந்திருக்கும் ஒரே நகரம் அது. 1985இல் அதன் பழைய நகரப் பகுதி உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதனாலேயே மதிலுக்குள் சுற்றுப்பயணிகள் கூட்டம் மிகுதி. கடைகளில் ஆங்கிலமும் புழங்கும். நம்மவர்கள் மதிலுக்கு வெளியே, ஊர் மக்கள் குடியிருக்கும் தெருவில், வயதான அம்மையார் ஒருவர் வீட்டில் அறை எடுத்தார்கள். பிப்ரவரியில் நடக்கும் குளிர்காலத் திருவிழா அந்த ஊரில் பேர்பெற்றது. 1955 முதல் ஆண்டு தவறாமல் நடத்திவருகிறார்கள். திருவிழாவுக்கு முன்பே இவர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். கூட்டமும் வெளியூர்ப் பேச்சும் இல்லாத நாளாகப் பார்த்தது புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன்.

குளிர்காலம் எதற்கு என்றும் கேட்கலாம். ஜனவரியில் அங்கே சராசரி வெப்பநிலையே பூஜ்யத்துக்குக் கீழே 12 பாகை அளவில் இருக்கும். சில இரவுகளில் 20க்கும் கீழே போகும். மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும். கோடையில் போய் வெயிலையும் பூக்களையும் பார்த்துவிட்டு வந்தால், ஊரின் பாதி முகத்தைத்தான் பார்த்ததாகும். குடியிருக்கப் போகிறவர்கள் கடினமான மாதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் போய்ப் பார்க்காமல் வீடு வாங்குவோமா?

கதவுக்கு வெளியே ஒரே மொழி

புருஷனும் பெஞ்சாதியும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அறைக்குள் தமிழ், கதவைத் தாண்டினால் பிரெஞ்சு. ஆங்கிலம் இரண்டு இடத்திலும் கிடையாது. யாராவது ஆங்கிலத்துக்கு மாறினால், "நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து மெதுவாகப் பிரெஞ்சிலேயே பேசுங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மட்டும் ஊரிலேயே நெட்டுருப் போட்டுக்கொண்டு போனார்கள்.

நாளைக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ரொட்டிக் கடை. ஒரு நாள் பொது நூலகம். அங்கே சிறுவர் பகுதியில் படக்கதைப் புத்தகம் எடுத்து வாசித்தார்கள். ஒரு நாள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லேவி நகரத்துக்குப் பெரியில் போய் வந்தார்கள். பட்டர்வொர்த்தில் பெரி ஏறும் நமக்கு அது புதிதல்ல. ஆனால் அங்கே மிதக்கும் பனிக்கட்டிகளை இடித்துக்கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். அதற்குள் பக்கத்து இருக்கைக்காரரிடம் இரண்டு வாக்கியமாவது பேசிவிட வேண்டும் என்பது அன்றைய பாடம்.

முதல் நாள் ரொட்டிக் கடையில் நடந்ததை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரொட்டியின் விலை 7 டாலர் 95 காசு. பிரெஞ்சில் 95ஐ எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? 'நாலு இருபது, பதினைந்து' என்று சொல்வார்கள். 70 என்பது 'அறுபது, பத்து'. 80 என்பது 'நாலு இருபது'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனி வார்த்தை உண்டு. பிரான்சிலும் கியூபெக்கிலும் இந்தக் கணக்குத்தான். காகிதத்தில் எழுதிக்கொடுத்தால் அவளுக்குத் தெரியும். கடைக்காரப் பெண் படபடவென்று சொன்னபோது, 4, 20, 15 என்று மூன்று எண்கள் காதில் விழுந்து, மூன்று பொருளுக்கு விலை சொல்கிறாளோ என்று விழித்து நின்றாளாம். கடைசியில் 20 டாலர் நோட்டை நீட்டிவிட்டு, மீதியை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பனியில் நின்று அழுகை வந்ததாம். ஐந்தாம் நாள் அதே கடையில் மீதிச் சில்லறை குறைந்தபோது அவளே சுட்டிக்காட்டிக் கேட்டு வாங்கினாள். 14 நாளில் அவள் சம்பாதித்தது என்ன என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

தாதிக்கு எண் தடுமாறலாமா? இரத்த அழுத்தம் எத்தனை, மருந்து எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் எண்தானே?

இன்னொரு நாள். வீட்டுக்கார அம்மையார் காலையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, "மால் ஓ கேர்" என்றார். 'மால்' என்றால் வலி; 'கேர்' என்றால் இருதயம். நம் பெண் பதறிப்போய் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அம்மையார் கையை விலக்கிக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதற்குப் பொருள் 'குமட்டுகிறது' என்பதுதான். முந்திய இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

நமக்கு இது புரியாத விஷயமா? "நெஞ்சைக் கரிக்குது" என்று நம் பாட்டி சொன்னால், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசருக்குத் தெரியும், அது இருதய நோய் அல்ல என்று. "குடையுது", "பிசையுது", "சுருக்குன்னு இருக்கு" என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. தமிழ் தெரியாத டாக்டரிடம் அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாமல் நம் முன்னோர்கள் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு திரும்பினார்கள்! நோயாளி தன் வலியைத் தன் தாய்மொழியில்தான் சொல்வார். அவருடைய பிரெஞ்சு நமக்கு விளங்க வேண்டும் என்று அந்த மாநிலம் கேட்பது நியாயம்தானே?

அதே நகரத்தில் அவள் பார்த்த இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். 1639இல் பிரான்சிலிருந்து அகஸ்தீன் சபையைச் சேர்ந்த 3 கன்னியர்கள் கப்பலேறி வந்து நோயாளிகளுக்குப் பணி செய்யத் தொடங்கினார்கள். மெக்சிகோவுக்கு வடக்கே அமைந்த முதல் மருத்துவமனை அவர்கள் நடத்தியதுதான். அவர்களுடைய பழைய மடத்தில் இப்போது காட்சிசாலை இருக்கிறது. அதே கப்பலில் வந்த உர்சுலின் சபைக் கன்னியர் மரி என்பவர், அந்த மண்ணின் பூர்வகுடிகளின் மொழிகளைக் கற்று, அகராதியும் எழுதினார். பிழைக்க வந்தவராயினும் பணி செய்ய வந்தவராயினும், வந்த இடத்துப் பேச்சைக் கற்க வேண்டும் என்பது அங்கே இன்று முளைத்த வழக்கமல்ல.

நமக்கு எது எளிது, எது கடினம்?

பிரெஞ்சில் 'த்யூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே வந்த மரியாதை. கியூபெக்கில் சீக்கிரமே 'நீ'க்கு வந்துவிடுவார்கள். ஆயினும் நோயாளியிடமும் பெரியவரிடமும் 'நீங்கள்' என்று தொடங்குவதே பண்பு. கடைக்குள் காலை வைத்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் வேண்டியதைக் கேட்க வேண்டும். அதுவும் நமக்குப் புரியும்.

கடினம் எது என்றால், ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசை பெண்; புத்தகம் ஆண். அஃறிணை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட நமக்கு, மேசை எப்படிப் பெண்ணாயிற்று என்று விளங்காது. விளக்கம் தேடாமல் சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்வதே வழி. 'ர' என்ற ஒலி நாக்கு நுனியில் அல்ல, தொண்டையில் பிறக்கும். எழுத்தில் இருப்பதெல்லாம் வாயில் வராது. சொல்லின் கடைசி மெய்யெழுத்துப் பெரும்பாலும் ஊமை.

புத்தகப் பிரெஞ்சுக்கும் கியூபெக் பிரெஞ்சுக்கும் வேறுபாடு உண்டு. பிரான்சில் 'தெஜெனே' என்றால் மதியச் சாப்பாடு. கியூபெக்கில் காலைச் சாப்பாடு. பிரான்சில் 'தினே' இரவுச் சாப்பாடு, கியூபெக்கில் மதியம். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளியிடம் நாம் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால், அவர் ஒரு கணம் யோசிப்பார் அல்லவா? அதுபோலத்தான். தெருமுனைச் சில்லறைக் கடைக்கு அங்கே 'தெப்பனேர்' என்று பெயர். 'த்யூ' என்பதையே 'ட்ஸ்யூ' என்பதுபோல் உச்சரிப்பார்கள். இவற்றை வகுப்பில் கேட்டிராத நம் பெண்ணுக்கு முதல் மூன்று நாள் தலை சுற்றிவிட்டது.

ஆழம் தெரிந்த பிறகு

14 நாள் முடிந்தது. கடையில் பேசினாள், வழி கேட்டாள், அம்மையாரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினாள். ஆனால் ஊர்க்காரர் இருவர் தங்களுக்குள் பேசிக்கொண்டால் பாதிதான் விளங்கியது. தொலைபேசியில் கேட்டால் அதுவும் இல்லை. கணவன் நிலை இன்னும் ஒரு படி கீழே. திரும்பி வந்ததும் இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். புறப்படும் நாளை 6 மாதம் தள்ளி வைத்துவிட்டு, அவன் முதற்கொண்டு மறுபடியும் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள்.

"குளிரப் பாத்துப் பயந்துட்டாங்க" என்று லயத்தில் இப்போது புதுப் பேச்சு. நான் அப்படி நினைக்கவில்லை. வேலையை விட்டு, சாமான்களை விற்று, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு போய் இறங்கியபின் இந்த 6 மாதத்தை அங்கே அனுபவித்திருந்தால் என்ன ஆகும்? வாடகை டாலரில் ஓடும், வருமானம் நின்றிருக்கும். இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே குறையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். காலை விடுமுன் கோலை விட்டு ஆழம் பார்த்தார்கள். கோலின் விலைதான் அந்தப் பயணச் செலவு.

தாயாருக்கு மட்டும் வேறொரு கவலை. "சார், பேரன் அங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சா, என்கிட்ட பேசுவானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் கியூபெக்காரர்களையே பதிலாகச் சொன்னேன். ஆட்சி போனபோது 70,000 பேராக இருந்தவர்கள் மொழியைக் காத்தது சட்டத்தால் அல்ல. சட்டம் 1977இல்தான் வந்தது. அதற்கு முன் 200 ஆண்டுகள் காத்தது அடுப்படியும் தாலாட்டும். பையன் பள்ளியில் பிரெஞ்சு படிக்கட்டும். வீட்டுக் கதவுக்குள் தமிழ் என்ற அந்த 14 நாள் ஒப்பந்தம் 14 ஆண்டுக்கும் நீடித்தால், பாட்டியின் பேச்சு பேரனுக்கு அந்நியமாகாது.

எல்லாருக்கும் இப்படிப் போய்வர வசதி இருக்காது. இல்லையென்றால் குறையில்லை. வகுப்பும் வானொலியும் இங்கேயே உண்டு. கியூபெக் அரசு, குடியேறியவர்களுக்காக 2023 முதல் தனி அமைப்பு ஏற்படுத்திக் கட்டணமின்றிப் பிரெஞ்சு கற்பித்து வருகிறது. ஆனால் போக முடிந்தவர்கள், அது ஜப்பானானாலும் ஜெர்மனியானாலும் கொரியாவானாலும், மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் இங்கே ஓராண்டாவது படியுங்கள். நம்மவர் கூடியிருக்கும் ஊரை விட்டு, அந்நாட்டு மொழி மட்டும் புழங்கும் ஊருக்குப் போங்கள். நாளைக்கு ஒரு வேலையை அந்த மொழியில் முடித்துவிட்டுத் தூங்குங்கள்.

நம் பாட்டிமார் சீனர் கடையிலும் மலாய்க்கார மீன்காரரிடமும் நாலே வார்த்தையில் பேரம் பேசித்தான் மலாய் கற்றார்கள். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். மீன் வீட்டுக்கு வந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் அப்படிப் போய்த் திரும்பி வந்தால், "என்ன வாங்கிட்டு வந்தே? எத்தனை படம் புடிச்சே?" என்று கேட்காதீர்கள். "யாரோட பேசினே? என்ன பேசினே?" என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து, போட்ட பணம் வந்ததா போனதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.